மண் பரிசோதனை, பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு

உங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருக்கும் தொலைபேசிப் பட்டியலில் இரண்டு எண்கள் பழையவை, ஐயா. அந்த ஆம்புலன்ஸ்காரர் எண் மாற்றி எட்டு மாதமாகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொழில் புத்தி. முப்பத்தோரு வருடமாக எனக்கு அதுதான் வேலை. எண் சரியா, அங்கே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது.

பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அவர் என் அத்தான். அக்கா வீட்டுக்காரர். அந்தத் தொலைபேசி இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது என்பதைத் தவிர இதில் அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. சர்க்கரை உள்ள மனிதர், வேளைக்குச் சாப்பிட வேண்டும். நான் சொல்வதை எழுதிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அத்தான் முதலில் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவர். ஒரு நல்ல கம்பி கட்டுகிறவரைத் தேடி மூன்று நாள் தெருத்தெருவாக அலைந்த எரிச்சலில், தனக்குத் தெரிந்த நாற்பது பேரின் விலாசத்தை ஒரே தாளில் அச்சடித்து விநியோகித்தார். அதுதான் எங்கள் கட்டுமானக் கையேட்டின் முதல் பதிப்பு. இன்றைக்கு அது தொள்ளாயிரம் பக்கம். செங்கல் சூளையிலிருந்து லிஃப்ட் பழுது பார்ப்பவர் வரை எல்லோரும் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு எண்ணையும் நானே சுழற்றிப் பேசுவேன். அட்டையில் போட்டிருப்போம்: ‘உள்ளே உள்ள ஒவ்வொருவரிடமும் பேசிய பிறகே அச்சிட்டோம்.’ அந்த வரிக்காகத்தான் ஜனங்கள் வாங்கினார்கள்.

ஒரே ஒரு பெயரைத் தவிர. எங்கள் தொழிலில் இது வழக்கம், ஐயா. நாம் நாயாய் அலைந்து சேர்த்ததை எவனாவது அப்படியே காப்பியடித்துப் புத்தகம் போட்டால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? அதற்காக இல்லாத ஒரு நிறுவனத்தை உள்ளே நுழைத்துவிடுவோம். பக்கம் நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு மண் பரிசோதனைக் கூடம். எண் மட்டும் நிஜம், என் மேஜையில் இருந்த சாம்பல் நிறத் தொலைபேசி. அத்தான் அந்தப் பதிவுக்கு ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார். இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறதாம். ஒவ்வொரு பதிப்புக்கும் “மாப்பிள்ளை சௌக்கியமா?” என்று கேட்டுச் சிரிப்பார். யாராவது அழைத்தால், “ஆறு மாசத்துக்கு வேலை இருக்கு, அடுத்த நம்பர்ல கேளுங்க” என்று சொல்லிவிடுவேன். பதினேழு வருடம் அப்படியே ஓடியது.

நீங்கள் விசாரிக்கிற அந்த ஐந்து மாடிக் குடியிருப்பைக் கட்டியவர் அப்படி விடுகிற ஆளில்லை. மூன்று நாள் தொடர்ந்து அழைத்தார். “விலாசத்துல போய்ப் பாத்துட்டேன், அங்க அப்படி ஒரு கடையே இல்ல. கட்டடக்காரர் சங்கத்துல எழுதிக் குடுக்கப் போறேன், இந்தப் புத்தகமே டூப்புன்னு” என்றார். சங்கத்தில் இருந்த அத்தனை பேரும் எங்கள் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆள் பிடிப்பார்கள். “இடம் மாத்திட்டோம் சார். உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன், அவ்வளவுதான். “ரிப்போர்ட் வேணும். பக்கத்து மனைக்கு எடுத்தது ஏதாவது இருந்தா, அதையே பேர் மாத்திக் குடுத்தாலும் சரி” என்றார்.

இருந்தது. விளம்பரம் கேட்கும் பரிசோதனைக் கூடங்களிடம் மாதிரி அறிக்கை ஒன்று வாங்கி வைப்பது என் பழக்கம். தேடியபோது அவர் மனைக்குப் பக்கத்து மனையின் அறிக்கையே கிடைத்தது. தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு காசு வாங்கவில்லை. புத்தகத்தில் இருந்த ஒரே பொய் அன்றைக்கு உண்மையாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் குடியிருப்பின் கீழ்வீட்டுத் தையல்காரம்மா இரண்டு வருடம் கழித்து அழைத்தார். வீட்டுப் பத்திரத்தோடு அறிக்கையின் நகலையும் கொடுத்திருக்கிறார்கள், அதில் எண் இருந்தது. “சார், வாசக்கதவு சாத்த மாட்டேங்குது.” மழைக்கு மரம் ஊதும், இழைத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். மறுவாரம் அழைத்து நன்றி சொன்னார், கதவு நன்றாகச் சாத்துகிறதாம். அடுத்த மாதம் மறுபடியும் சாத்தவில்லை. பிறகு சுவரில் விரிசல். இஞ்ச் டேப்பை வைத்து அளந்து சொல்வார். “போன வாரம் கால் இஞ்ச் சார். இன்னிக்கு அரையைத் தாண்டிடுச்சு.” பூச்சுதான் விட்டிருக்கிறது, சிமெண்ட் வைத்து அடைக்கச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் அழைப்பார். “உங்ககிட்ட பேசினாதான் சார் எனக்குப் பயம் போகுது” என்று ஒருநாள் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐயா. மறைக்கவில்லை. அத்தனை வருடத்தில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை, எண்ணைத்தான் கேட்பார்கள்.

இப்போது இணைப்பைத் துண்டித்துவிட்டீர்கள். ஆனாலும் நாலு மணி ஆனால் மணியடிக்கிறது. எடுத்து “சொல்லுங்கம்மா” என்கிறேன். எவ்வளவு, எவ்வளவு என்று கேட்கிறேன். அளவு மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். அக்கா பார்த்துவிட்டு, செத்துப்போன போனில் யாரிடம் பேசுகிறாய் என்று அழுதாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

விழும் என்று தெரியுமா என்றுதானே கேட்டீர்கள். தெரியும். பக்கத்து மனை அறிக்கையில் பதினோரு அடி வரை தூர்த்த குளம் என்று இருந்தது. ஆழத்தில் தூண் இறக்காமல் கட்டக் கூடாது என்றும் இருந்தது. நான்தான் நாலு அடியில் கெட்டி மண் என்று மாற்றினேன். தூண் இறக்குவதென்றால் மண் பரிசோதகர் நேரில் வந்து நிற்க வேண்டும் என்பார்கள். நிற்பதற்கு ஆளில்லை. வேறு என்ன வழி இருந்தது, சொல்லுங்கள்.

கடைசி நாள் காலையிலேயே அழைத்துவிட்டார். “ராத்திரியெல்லாம் சுவர் மடமடன்னுச்சு சார். பிள்ளைங்களைக் கூட்டிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிடட்டுமா? மாடில இருக்கிறவங்களும் நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கச் சொன்னாங்க.” போகச் சொல்லியிருந்தால், அறிக்கை கொடுத்தவன் யார் என்று அன்றே எல்லோரும் என்னைத் தேடியிருப்பார்கள். “யாரும் எங்கயும் போக வேணாம்மா. மத்தியானம் நானே வந்து பாக்கறேன், எல்லாரையும் வீட்லயே இருக்கச் சொல்லுங்க” என்றேன். இருந்தார்கள். பதினான்கு பேர்.

அவர்களை நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. எங்கள் புத்தகத்தை நம்பி அந்த அம்மா அழைத்த ஒவ்வொரு முறையும், இரண்டாவது மணிக்குள் எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.