பலகையில் இரண்டு தட்டு

எங்கள் மாஸ்டர் மின்சாதனக் கடைக்குத் தர வேண்டியிருந்த பாக்கி நாற்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு யென். ஒரு சலவை இயந்திரத்துக்கு அது அதிக விலையில்லை. ஏழு கிலோ துணி கொள்ளும். மூடி கண்ணாடியில் செய்தது. வேலை முடிந்ததும் சின்னதாக ஒரு பாட்டுப் பாடும். பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அதன்மேல் எனக்குக் கோபம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஐயா, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு மெதுவாகத்தான் எழுத வரும். நான் வடக்கே ஆவோமோரிக்காரன். பள்ளிக்கூட வயதில் ஆப்பிள் பெட்டி தூக்கினேன். பிறகு டோக்கியோவுக்கு வந்து ரயில் சுரங்கம் தோண்டும் இடங்களில் மண் அள்ளினேன். எழுத்துப் படித்தது நாற்பது வயதில், அதுவும் சுஷி கடையின் தேநீர்க் குவளையைப் பார்த்து. அந்தப் பெரிய குவளைகளைச் சுற்றி மீன் பெயராக எழுதியிருக்குமே, அதுதான் என் பாடப் புத்தகம். கழுவும்போது ஒரு நாளைக்கு ஒரு பெயர் என்று பிடித்தேன். அதனால் சூரை, அயிலை, மத்தி, விலாங்கு என்றால் தடுமாறாமல் எழுதுவேன். கொலை என்கிற சொல் குவளையில் இல்லை. பக்கத்து மேசை அதிகாரியிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அதுவும் நீங்கள் சொன்ன சொல், என் சொல் அல்ல.

என் பெயர் சன்னோஹே தொக்குஜி. வயது ஐம்பத்தெட்டு. நிங்யோச்சோவில் இருக்கும் 'சுஷி குராமோச்சி' கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒன்பதே நாற்காலி உள்ள கடை. கல்லாவில் ஃபுமியே அம்மா, மாஸ்டரின் மனைவி. மரப்பலகைக்குப் பின்னால் மாஸ்டர் குராமோச்சி, கடை அவருடையது. அவருக்கும் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், நான்.

என் வேலை பேய்க்கணவாய் பிசைவது. எட்டுக் காலும் விரித்துக்கொண்டு அது தினமும் காலையில் சந்தையிலிருந்து வரும். செத்த பிறகும் அதன் தசைக்குப் பிடிவாதம் போகாது. அப்படியே வேகவைத்தால் சைக்கிள் டயரைக் கடித்த மாதிரி இருக்கும். கல் உப்பைப் போட்டு நாற்பது நிமிடம் பிசைய வேண்டும். முதலில் தலையும் உடம்பும் சேரும் இடத்தில் விரலைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். முறுக்கு அங்கேதான் இருக்கிறது. அந்த இடம் விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் தானாக விட்டுக்கொடுக்கும். பிசையும் கைக்குத் தெரியும், எதிராளி எப்போது இழுப்பதை நிறுத்துகிறான் என்று.

பிசைந்து முடித்ததும் மாஸ்டர் வந்து கட்டை விரலால் காலை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். சரியாக இருந்தால் உள்ளங்கையால் பலகையில் இரண்டு தட்டு. எங்கள் கடையில் பாராட்டு என்றால் அதுதான். வாய்ப் பேச்சு கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார்:

“பாரு சன்னோஹே, உன் கணவாய்க்கு நான் என்னைக்கு ரெண்டு தட்டு தட்டுறேனோ, அதுக்கு மறுநாள் நீ என் பக்கத்துல நின்னு சுஷி பிடிக்கலாம். அதுவரைக்கும் திரைக்கு வெளிய தலையை நீட்டக்கூடாது.”

“சரிங்க மாஸ்டர். எவ்வளவு நாளாகுங்க?”

“அதைக் கணவாய்கிட்ட கேளு.”

இருபத்திரண்டு வருடம் கேட்டேன். ஆறாயிரத்துச் சொச்சம் பேய்க்கணவாய். ஒவ்வொன்றையும் மாஸ்டர் அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும், “இன்னும் கொஞ்சம்” என்றார். நான் இன்னும் கொஞ்சம் பிசைவேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போவார். தட்டு விழாது. அவர் கருமி என்று சொல்ல மாட்டேன். அரிசி கொண்டுவருபவருக்குத் தட்டியிருக்கிறார். ஒரு கோடைக்காலத்தில் ஐஸ்கட்டி கொண்டுவந்த ஆளுக்கும் தட்டினார். திரை இடுக்கில் பார்த்தேன். ஐஸ்கட்டிக்கு என்ன கைத்திறமை என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. கத்தி பிடித்துப் பிடித்து மாஸ்டருக்கு வலது தோளும் கழுத்தும் கட்டையாகிவிடும். கணவாய் முடிந்ததும் பின்கட்டில் இருக்கும் நீளப் பலகையில் அவர் குப்புறப் படுப்பார், நான் பத்து நிமிடம் பிடித்துவிடுவேன். அங்கேயும் அவர் சொல்வது “இன்னும் கொஞ்சம்”தான்.

போன மாதம் மழை தொடங்கிய சமயம் அந்தச் சலவை இயந்திரம் வந்தது. மேற்குக் கடற்கரையில் எங்கோ இப்படித்தான் கணவாயை இளக்குகிறார்கள் என்று சந்தையில் யாரோ மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் முக்காலி போட்டு உட்காரும் இடத்தில்தான் குழாய் இருந்தது. அதனால் முக்காலியை எடுத்துவிட்டு அங்கே அதை வைத்தார்கள்.

“சன்னோஹே, உனக்குத் தம்பி வந்திருக்கான்ய்யா” என்று ஃபுமியே அம்மா சிரித்தார். “சண்டை போடாம ஒத்துமையா இருங்க.”

மாஸ்டர் கணவாயை உள்ளே போட்டு, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு, கம்பளித் துணிக்கான பொத்தானை அமுக்கினார். நாற்பது நிமிடம் சுழன்றது. நான் துடைப்பத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முடிந்ததும் பாடியது. மாஸ்டர் ஒரு காலை வெளியே இழுத்துக் கட்டை விரலால் அழுத்தினார்.

இரண்டு தட்டு.

முதல் நாள், ஐயா. முதல் கணவாய்.

“அட, நாற்பதே நிமிஷத்துல முடிச்சிடுச்சுய்யா!” என்றார் மாஸ்டர்.

“எனக்கும் நாற்பது நிமிஷந்தாங்க மாஸ்டர்.”

“நீ மூச்சு வாங்குவே. இது பாட்டுல்ல பாடுது.”

அன்று மதியம் வாடிக்கையாக வரும் பல் டாக்டர் உசுய் மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். “என்ன மாஸ்டர், பல்லே இல்லாதவன்கூட இந்தக் கணவாயைத் தின்னுட்டுப் போயிடுவான் போலிருக்கே! என் பொழப்புல மண்ணைப் போடுறீங்களே!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது.

கடை காலியானதும் மாஸ்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

“மாஸ்டர், ரெண்டு தட்டு தட்டிட்டீங்க. அப்ப நாளைக்கு அது உங்க பக்கத்துல நிக்குமா?”

“கை இருந்தா நிக்க வச்சிருப்பேன்டா” என்றார். கொஞ்சம் கழித்து, “இனிமே நீ கணவாயைத் தொட வேணாம். வயசாகுது. என் தோளை மட்டும் பாத்துக்கோ. அதுலயாவது உன் கைத்திறமையைக் காட்டு” என்றார்.

இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. கைத்திறமையைக் காட்டச் சொன்னது அவர்தான். நானாக எதையும் ஆரம்பிக்கவில்லை.

மூன்று வாரம் யோசித்தேன். எனக்கு வேண்டியது நியாயம் மட்டும்தான். இயந்திரமும் நாற்பது நிமிடம், நானும் நாற்பது நிமிடம். ஆனால் அது செய்த வேலையையும் நான் செய்த வேலையையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. கணவாயை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். என் கைக்கு மிச்சம் இருந்தது மாஸ்டரின் கழுத்தும் தோளும். இருப்பதை வைத்துத்தானே போட்டி போட முடியும்.

நேற்றுக் காலை ஃபுமியே அம்மாவை அரிசிக் கடைக்கு அனுப்பியது நான்தான். அரிசி இருந்தது. ஆனாலும் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. பின்கதவைத் தாழ் போட்டேன். உடம்பு பிடித்துவிடும்போது காற்று பட்டால் சளி பிடிக்கும். மாஸ்டர் கணவாயை இயந்திரத்தில் போட்டு, பொத்தானை அமுக்கிவிட்டு வந்து பலகையில் குப்புறப் படுத்தார். இருவரும் ஒன்றாகவே ஆரம்பித்தோம், அதுவும் நானும்.

மாஸ்டரின் சட்டைக் காலரில் உப்பு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். உப்பு இல்லாமல் கை வழுக்கும்.

“என்னய்யா, இன்னைக்குச் சொரசொரன்னு இருக்கு?” என்றார்.

“புது முறைங்க மாஸ்டர்.”

“நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம்.”

அவர் கடைசியாகச் சொன்னது இது. நான் எழுதியதில் ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இன்னும் கொஞ்சம் என்றார், செய்தேன். தலையும் உடம்பும் சேரும் இடத்தில் விரலைக் கொடுத்துப் பிடித்தேன். மனிதருக்கும் முறுக்கு அங்கேதான் இருக்கிறது. இயந்திரம் பெரிய சத்தத்தோடு சுழன்றுகொண்டிருந்தது. நான்காவது நிமிடத்திலேயே அவர் இழுப்பது நின்றுவிட்டது. ஆனால் நாற்பது நிமிட வேலையை நான்கில் விட்டு எழுந்து எனக்குப் பழக்கமில்லை. தோள், முழங்கை, விரல்கள் என்று வரிசையாகப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாகக் கட்டையாக இருந்த தோள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. தம்பி பாடியபோது நானும் கையை எடுத்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தினேன். ஈ மொய்க்கக் கூடாது. கையைக் கழுவிக்கொண்டேன்.

ஃபுமியே அம்மா அரிசியோடு திரும்பி வந்தார். “அவர் எங்கய்யா? மணி பதினொண்ணாச்சே?”

“படுத்திருக்காருங்கம்மா. தோள் இப்பத்தான் இளகியிருக்கு. எழுப்ப வேணாம்.”

“அப்ப மத்தியானத்துக்கு யாரு நிப்பா? ஒன்பது பேரு வராங்களே!”

“நான் நிக்கிறேங்கம்மா.”

“நீயா?” அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தட்டிட்டாரா?”

“தட்டிட்டாருங்க.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இருபத்திரண்டு வருஷம், பாவி மனுஷன்” என்றபடி அலமாரியிலிருந்து புது வெள்ளைத் தொப்பியை எடுத்து, அவரே என் தலையில் வைத்துவிட்டார். தட்டு விழுந்த மறுநாள்தான் நிற்கலாம் என்பது பேச்சு. நான் அதே நாளில் நின்றுவிட்டேன். அது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

கணவாயை நானே வேகவைத்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். சோற்றின் சூடு சரியாக இருந்தது. பல் டாக்டர் உசுய், “என்னய்யா இது, திரை வாய் திறந்து பேசுது!” என்று கேலி செய்தார். சாப்பிட்டுவிட்டு, “கணவாய் அருமை. யாரு பிசைஞ்சது, நீயா?” என்று கேட்டார்.

“இல்லைங்க டாக்டர். மெஷின்” என்றேன். அடுத்தவன் வேலையை என் வேலை என்று சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை நான்.

என் வேலை உள்ளே துணிக்கு அடியில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

கடைசி ஆள் போனதும் பலகையைத் தேய்த்துக் கழுவினேன். தொப்பியை மடித்துக் கல்லாவில் வைத்தேன். அஞ்சலகத்துக்குப் போய் என் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்து, மின்சாதனக் கடைக்கு நடந்தேன். நாற்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு யென்னையும் ஒரே தவணையில் கட்டினேன். ரசீதை மாஸ்டர் பெயரில் போடச் சொன்னேன். கடன் வைத்துவிட்டுப் போனார் என்று அவரை நாளைக்கு ஒருவர் பேசக்கூடாது. ரசீது என் மேல்சட்டைப் பையில் இருந்தது. அதை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து ஃபுமியே அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள். பிறகு முனையில் இருக்கும் காவல் சாவடிக்கு வந்தேன். அங்கிருந்த இளம் காவலர் நான் ஏதோ கண்டெடுத்த பொருளை ஒப்படைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு படிவத்தை நீட்டினார்.

ஐயா, அவர் பாராட்டித் தட்டினார் என்று நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. நீங்கள் ஜூடோ பழகியவர் என்றும், பிடியில் சிக்கியவன் தரையைத் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னீர்கள். இருக்கலாம். எனக்கு ஜூடோ தெரியாது. எங்கள் கடையில் பலகையைத் தட்டினால் வேலை நன்றாக இருக்கிறது என்று பொருள். ஐஸ்கட்டிக்காரனுக்கும் அதுதான், இயந்திரத்துக்கும் அதுதான். எனக்கு மட்டும் வேறு பொருள் எப்படி வரும்?

மூன்றாம் நிமிடத்தில் ஆரம்பித்தார். உள்ளங்கையால், பலகையில், சத்தமாக. மொத்தம் பதினொரு முறை. நான் பிடியை விடாமலே எண்ணினேன்.

எனக்கு அவர் தர வேண்டிய பாக்கி இரண்டுதான். மீதி ஒன்பதை யாரிடம் திருப்பித் தருவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.