கோட்டுக்கு ஓரடி பின்னால்

விரிப்பும் போர்வையும் வெண்மை குன்றாமல் வார்டுகளுக்கு வந்து சேர வழிசெய்தவரும், ஒரு காலத்தில் நாட்டின் சீருடை அணிந்து நடுத்தூர ஓட்டங்களில் நம்மை நிமிர வைத்தவரும், இந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவைப் பதற்றமின்றியும் பாகுபாடின்றியும் நடத்தி இன்று பணி நிறைவு பெறுகிறவருமான எங்கள் மேற்பார்வையாளர் அக்காவுக்கு, உடன் உழைத்தவர்கள் உள்ளன்போடு படிக்கும் மடல் இது.

முகத்தைப் பார்த்து "தாங்கள்" என்று படிப்பதுதான் மடலின் முறை. ஆனால் அக்கா போன வாரமே சொல்லிவிட்டார்: "மூஞ்சிக்கு நேரா புகழ்ந்தீங்கன்னா பாதியிலேயே எழுந்து போயிடுவேன்." எழுந்து போனால் ஓடிப் பிடிக்க எங்களில் ஆள் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி அவையோரிடம் சொல்கிறோம். அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

பள்ளியில் அக்காவுக்கு "லேட்டு" என்று பட்டப்பெயர். தாமதமாக வரும் பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்பது அங்கிருந்த விளையாட்டு டீச்சரின் சட்டம். மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட, இந்த ஒரு பெண் மட்டும் சிரித்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். அந்த ஓட்டத்துக்காகவே வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பி, பள்ளிக்கு எதிரே இருந்த கடையோரம் ஒளிந்து நின்று, மணி அடித்து ஓய்ந்த பிறகு சாவகாசமாக உள்ளே வருவாளாம். ஒரு நாள் டீச்சர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"தண்டனை குடுத்தா சிரிக்கிற பிள்ளைய இப்பத்தான் பாக்கறேன். நாளையிலிருந்து நேரத்துக்கு வந்து சேரு. வந்துட்டு ஓடு."

அந்த டீச்சர் கற்றுக்கொடுத்த பாடங்களில் அக்காவின் எலும்பு வரை இறங்கிப்போனது ஒன்று: "கோடு கண்ணுல பட்டா யோசிக்காத. நெஞ்ச முன்னாடி தள்ளு." அப்படி நெஞ்சைத் தள்ளித் தள்ளியே பள்ளியைத் தாண்டினார், கல்லூரியைத் தாண்டினார், ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் நாட்டுக்காக ஓடும் இடத்துக்கும் வந்தார். மயிரிழையில் வென்ற போட்டிகள் பல. பிறகு ஒரு பயிற்சியின்போது குதிகால் தசைநார் அறுந்தது. அறுவை முடிந்து நடக்க முடிந்தது, பழைய வேகம் மட்டும் திரும்பவில்லை. காலணிகளைப் பரண்மேல் போட்டுவிட்டு, கிடைத்த இந்த வேலையில் சேர்ந்தார். ஓட்டத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அதெல்லாம் அப்போ" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கத் தொடங்குவார்.

வேலையில் அவர் எப்படி என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். அறுவை அரங்கிலிருந்து வந்த பச்சைத் துணிக்குள் மறந்துபோன ஊசி ஒன்று நம் பெண் ஒருத்தியின் கையில் குத்திவிட்டது. அக்கா கத்தவில்லை. அவளுக்கு ஊசி மருந்து போட வைத்துவிட்டு, குத்திய ஊசியை வெள்ளைக் கிண்ணத்தில் வைத்துத் தலைமை அறுவை மருத்துவரின் மேசைக்கு எடுத்துப் போனார். "இது உங்களோடதுங்களா டாக்டர்? எங்க பொண்ணு கையில இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னார். பச்சைத் துணியில் அதன்பின் ஊசி வரவில்லை.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்தவரை, ஒரு நாள் சலவைப் பிரிவின் தொலைபேசி அழைத்தது. பேசியவர் நம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்பவர், எங்கள் எல்லோருக்கும் தங்கை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இந்த மருத்துவமனையின் அழைப்புகளையெல்லாம் குரல் கேட்டே பிரித்து அனுப்புகிறவர்.

"அக்கா, சலவை விஷயம் இல்ல, சொந்த விஷயம். உங்களுக்கு ஓடத் தெரியுமாமே?"

"தெரியும். இப்ப ஓடறதில்ல."

"எனக்கு ஓடணும்."

"எதுக்கும்மா?"

"பொறந்ததுலேர்ந்து யாராவது கையப் பிடிச்சுக்கிட்டு மெதுவா, மெதுவான்னே சொல்றாங்க. ஒரு ஆளாவது வேகமான்னு சொல்லிக் கேக்கணும்க்கா."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். மறுநாள் காலை, வேலை தொடங்குமுன், துணி உலர்த்தும் முற்றத்தில் நின்று தங்கையை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். பரணிலிருந்த காலணிகள் காலில் இருந்தன.

நோயாளிகளின் அங்கியில் கட்டும் நாடாவில் ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தங்கையின் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டார். முதல் நாளே இருவரும் துணி வண்டியில் மோதி, அழுக்கு மூட்டைகள்மேல் போய் விழுந்தார்கள். ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்த நாங்கள் பதறி ஓடினால், மூட்டைகளுக்கு நடுவே தங்கை சிரித்துக்கொண்டிருந்தார். தனியாகவே ஓடிப் பழகிய அக்கா, ஓடிக்கொண்டே பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது: வளைவு வருது, இடது பக்கம் சாய், நேராச்சு, இப்ப வேகமா. தையல்காரரான அவருடைய கணவர் எங்களிடம் சொன்னார்: "வீட்ல ஒரு வார்த்தை கேட்டு வாங்கறதுக்குள்ள எனக்குப் போதும்போதும்னு ஆயிடும். இங்க வந்து பாத்தா வாய் ஓயல."

அடுத்த ஆண்டு பார்வையற்றோருக்கான தேசியப் போட்டிக்கு இருவரும் போனார்கள். எங்களில் சிலரும் கூடவே போனோம். அந்த ஓட்டத்தில் ஒரு விதி உண்டு. வழிகாட்டி, ஓடுகிறவருக்கு முன்னால் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இருவருக்குமே இடமில்லை. அக்காவுக்கு அது தெரியும். தங்கைக்கு விளக்கிச் சொன்னவரே அவர்தான்.

கடைசி வளைவில் நம்மவர்கள்தான் முதலில். பின்னால் இன்னொரு ஜோடி நெருங்கி வந்தது. கோடு கண்ணில் பட்டது. அக்கா யோசிக்கவில்லை. நெஞ்சு தானாக முன்னே போனது. தங்கை அரை அடி பின்னால்.

நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். ஒலிபெருக்கி வேறு பெயரைச் சொன்னபோதுதான் தங்கைக்கு விஷயம் புரிந்தது. திரும்பும் பேருந்தில் அக்கா தலையைத் தூக்கவே இல்லை. பாதி வழியில் தங்கைதான் பேசினார்.

"அக்கா, ஸ்கூல்ல எல்லாப் போட்டியிலயும் எனக்குப் பரிசு உண்டு தெரியுமா? கடைசியா வந்தாலும் பாவம்னு ஒண்ணக் கையில குடுத்துடுவாங்க. இன்னிக்குத்தான் நெஜமாவே தோத்திருக்கேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"அதுவும் ஜெயிக்கிற இடத்துல வந்து தோத்திருக்கேன். சின்ன விஷயமா? நாளைக்குக் காலைல வர்றீங்கல்ல?"

வந்தார். அந்த ஆண்டு முழுக்க அவர் பழகியது ஓட்டத்தை அல்ல. முற்றத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, முழு வேகத்தில் வந்து, கோட்டுக்கு முன்னால் தன்னைத் தானே இழுத்துப் பிடித்து, தங்கையை முன்னே விடப் பழகினார். இளம் வயதிலிருந்து உடம்பு கற்றதை உடம்பே மறக்கும்படி செய்வது லேசான காரியம் இல்லை. சில காலைகளில் கோட்டின்மேல் நின்று தன் கால்களைத் தானே திட்டுவார். நாங்கள் கேட்காத மாதிரி துணி உதறிக்கொண்டிருப்போம்.

மறு ஆண்டு அதே போட்டி, அதே கடைசி வளைவு. கோடு நெருங்கியதும் அக்கா, "போ" என்று மட்டும் சொல்லிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாடா விறைத்து நின்றது. தங்கை நெஞ்சை முன்னே தள்ளிக் கோட்டைத் தாண்டினார். ஓரடி பின்னால் அக்கா. இரண்டாம் இடம், வெள்ளிப் பதக்கம், நடுவரின் சிவப்புக் கொடி உயரவில்லை.

அன்று எங்களில் ஒருத்தி கேட்டாள்: "நாட்டுக்காக ஓடினப்ப சந்தோஷமா, இப்ப சந்தோஷமாக்கா?"

அக்கா காலணியின் கயிற்றை அவிழ்த்து முடித்தார். பிறகு சொன்னார். "அப்பல்லாம் கோட்டத் தாண்டினதும் திரும்பிப் பாப்பேன், மத்தவங்க எவ்வளவு தூரத்துல வர்றாங்கன்னு. ஒருத்தர் ஜெயிக்கிறத இவ்வளவு பக்கத்துல பின்னாடி நின்னு நான் பாத்ததே இல்ல. இது இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தரல."

அவையோரே, அக்காவின் உடல்நலமும் உள்ளநலமும் ஒன்றுக்கொன்று துணையாகி, அவரும் கணவரும் நெடுங்காலம் நிறைவோடு வாழ வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய ஆசை. இம்மடலைச் சட்டமிட்டு அவர் வீட்டுச் சுவருக்குத் தருகிறோம். கண்ணாடிக்குள் போன எழுத்தைத் தங்கையால் வாசிக்க முடியாது. ஆகவே இதையே பிரெயில் புள்ளிகளில் இன்னொரு படியாக எடுத்திருக்கிறோம். அது தங்கையிடம் இருக்கும். அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் அதை விரலால் தடவி உரக்கப் படிக்க வேண்டும். அக்கா எழுந்து போகாமல் கேட்க வேண்டும்.

இங்ஙனம்,
சலவைப் பிரிவு, தொலைபேசி இணைப்பகம் மற்றும் அனைத்து வார்டுகளின் ஊழியர்கள்