மைக்குக்கு வேண்டிய பயம்

பஸ் ஓடாத வாரம் ஒலிப்பதிவுக்கு நல்ல வாரம், ஐயா. எங்கோ ஒரு லாரி கியர் மாற்றினாலும் மைக் அதை வாங்கிக்கொள்ளும். இந்த எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டார்களே, அந்த அமைதி இனிக் கிடைக்காது. அதனால்தான் கச்சிராயபாளையத்து மலையடிவாரத்தில், காலியாகக் கிடந்த கடுக்காய்க் கிடங்கில் நாங்கள் தங்கிவிட்டோம்.

என் பெயர் பொன்னுரங்கம். கள்ளக்குறிச்சியில் சின்ன நாடகக் கம்பெனி நடத்துகிறேன். ஊர்க்காரர்கள் திருவிழாக்களில் நாடகத்தை நிறுத்தித் திரை கட்டிப் படம் காட்டத் தொடங்கியதும் விளம்பரத் தட்டி எழுதினோம், கல்யாண மேடை ஜோடித்தோம். கடைசியாகக் கேசட் நாடகத்துக்கு வந்தோம். அதுவும் போனால் கம்பெனி இல்லை.

சத்தம் எப்படிச் செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது புரியும். முறத்தில் அரிசியை உருட்டினால் மழை. கொட்டாங்கச்சிகளைத் தட்டினால் குதிரை. பட்டம் ஒட்டும் தாளைக் கசக்கினால் தீ. பித்தளை அண்டாவுக்குள் ஆளாளுக்குக் கத்தினால் கும்பல். எங்கள் கதையில் ஒரு கும்பல் வீட்டைக் கொளுத்துகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவள் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். எல்லாச் சத்தமும் அமைந்துவிட்டது. அவள் பயம் மட்டும் அமையவில்லை.

ஜெயம்மாள் நல்ல நடிகை, ஆனால் மேடைக்காரி. கடைசி வரிசைக்காரனுக்காகக் கத்திப் பழகியவள். மைக் அப்படியில்லை. வாயருகே காதை வைத்துக் கேட்கிற ஆள் அது.

“இன்னாண்ணே, இதுக்கு மேல எப்பிடி பயப்படறது? செத்துக் காட்டட்டுமா?” என்றாள்.

அவள் புருஷன் மாயவன் சிரித்தான். “அது செத்தாலும் கடேசி பெஞ்சுக்குக் கேக்கற மாதிரிதாங்க சாவும்.”

மறுநாள் மாயவன் அரிசி வாங்க நடந்தே போனான். அவள் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரோட்டுல அடிதடியாமேண்ணே. போன மனுஷன் இன்னும் வரல.”

அந்தக் குரல்தான். அதைத்தான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தானாக வந்த பயத்தை வீணாக்கக் கூடாது என்று தோன்றியது.

“ஜெயம்மா, அடிதடி ஆளுங்க இந்தப் பக்கந்தான் வந்துக்கினு இருக்காங்களாம். நீ உள்ள போ. வெளியில பூட்டிடறேன், யாரும் இல்லன்னு போயிடுவாங்க. சத்தம் மட்டும் போடாத,” என்றேன்.

“நீங்க எங்கண்ணே ஒளிஞ்சிக்குவீங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

டேப் மெஷின் எப்போதும் வெளியில்தான் இருக்கும். அதன் இரைச்சல் உள்ளே விழக்கூடாது. மைக்கின் வயர் கதவுக்கு அடியில் வரும். அண்டாவில் எடுத்த கும்பல் சத்தத்தை இன்னொரு மெஷினிலிருந்து குழாய் ஸ்பீக்கரில் போட்டேன். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். அவள் மூச்சு கேட்டது. இன்னும் கொஞ்சம் வேண்டும். பயம் காதைவிட மூக்கு வழியாகச் சீக்கிரம் போகும். ஜன்னலில் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தி வைத்தேன்.

எதிரொலி வராமலிருக்கக் கிடங்குச் சுவரெல்லாம் சாக்கு தொங்கவிட்டிருந்தோம். தீ அதில் ஏறிவிட்டது. சாக்கு எரிகிற சத்தம் தாள் கசக்குகிற மாதிரி இல்லை, ஐயா. கனமாக இருக்கிறது. எனக்கு அதுவரை தெரியாது.

அந்த நேரம் மாயவன் வந்துவிட்டான். அரிசிப் பையைத் தோளில் வைத்தபடி, “ஜெயம்மா எங்கண்ணே? இன்னா பொக இது?” என்றான்.

உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். பதிவு ஓடும்போது பேசக்கூடாது, கால்கூட மாற்றக்கூடாது என்பது எங்கள் கம்பெனி வழக்கம். அவன் புன்னகையோடு அசையாமல் நின்றான். அவன் காதில் ஹெட்போன் இல்லை. அவள் கத்தவும் இல்லை. சத்தம் போடாதே என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

நாடா தீர்ந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். மாயவன் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினான்.

ஏன் முன்பே திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். ‘கதவைத் தொறங்க’ என்பது கதையிலேயே உள்ள வசனம். அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நாடாவில் ஓரிடத்தில் மட்டும், ரொம்ப மெல்ல, “பொன்னுரங்கண்ணே” என்று கூப்பிடுவாள். அந்தப் பெயரில் கதையில் யாரும் கிடையாது. ஹெட்போனில் கேட்டவுடனே, அதை மட்டும் பிளேடால் வெட்டிவிட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.