படம் போடாத நாள்

திருகோணமலை டவுனுக்குப் போகும் பஸ்ஸில், சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். இளையவள் தன் போனைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

“அக்கா, படம் போட்டாலும் பயம், போடாட்டிலும் பயம்.”

“இதென்ன கதை, பிள்ளை?”

“அவர் கடலுக்கு வெளிக்கிட்டா, வள்ளம் தள்ளுற படத்தை நான் பேஸ்புக்கில போடுறனான்தானே?”

“ஓம். வீட்டில ஆம்பிளை இல்லை எண்டு ஊருக்கே சொல்லுற மாதிரி. எத்தினை தரம் சொன்னனான் உனக்கு?”

“அதுக்குத்தான் நிப்பாட்டினனான். இனி அவர் கரைக்கு வந்த பிறகுதான் படம் எண்டு முடிவெடுத்தனான். நேற்று அவர் போன பிறகு போனைத் தொடவே இல்லை.”

“நல்லதுதானே. பிறகென்ன?”

“பின்னேரம் திறந்து பார்த்தா, ஆரோ ஒருத்தன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். ஆரெண்டே தெரியாது. அவன்ட படமும் இல்லை.”

“என்னவாம்?”

இளையவள் போனை எடுக்கவில்லை. மனப்பாடமாகச் சொன்னாள்.

“‘இண்டைக்கு ஏன் படம் போடேல்லை? வள்ளத்தையும் கரையில காணேல்லையே’ எண்டு.”

மூத்தவள் மெல்லத் திரும்பி, பஸ்ஸில் இருந்த ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாக என் முகத்தையும்.