திங்கள் என்றால் எது?

ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்து ஓய்வுபெற்று, இன்று எங்கள் நாக்கின் நீளத்தை அளப்பதற்காகக் கையில் மணியோடு நடுநாயகமாக வீற்றிருக்கும் நில அளவையர், தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் போன சொல்லேருழவர்களே! முதல் வரிசையில் முழங்கால் வலியையும் மறந்து வந்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! வலப்பக்கம் அமர்ந்திருக்கும் நிலாக் கட்சியினரே! இடப்பக்கம் அமர்ந்திருக்கும் நவீனக் கட்சியினரே! எந்தப் பக்கமும் சேராமல் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்திருக்கும் அறிவாளிகளே! அனைவருக்கும் இந்த மருந்துக் கடைக்காரியின் மகிழ்ச்சி பொங்கும் மாலை வணக்கம்.

மகிழ்ச்சி பொங்கும் என்று சும்மா சொல்லவில்லை. இன்று பகலிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவர் இருமல் மருந்து கேட்டால் தலைவலி மாத்திரையை எடுத்து நீட்டினேன். என்ன காரணம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், அதற்குத்தானே மேடை ஏறினேன்.

எனக்குத் தந்த தலைப்பு, "கற்பனாவாதக் கவிதையும் நவீன கவிதையும்: பாடுபொருள், படிமம், பண்பாட்டுத் தாக்கம்". தலைப்பே இவ்வளவு நீளம் என்றால் பேச்சு எவ்வளவு நீளம் என்று தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். தொடாதீர்கள் ஐயா, இன்னும் தொடங்கவே இல்லை.

கற்பனாவாதக் கவிஞர்கள் யார்? புகைபோக்கிகள் எழுந்து வானத்தை மறைத்தபோது, போச்சே போச்சே என்று வானத்தைத் தேடி ஓடியவர்கள். மலையைக் கண்டால் மண்டியிட்டவர்கள். மேகத்தைக் கண்டால் மைத்துனன் முறை கொண்டாடியவர்கள். நவீன கவிஞர்கள் யார்? ஓடிப் போக இடமில்லாமல், அடுக்குமாடி ஜன்னலுக்குள்ளேயே அமர்ந்து எழுதியவர்கள். மேகம் வந்தால் அவர்களுக்கும் மனம் கரையும். ஆனால் முதலில் மொட்டை மாடியில் காயும் துணி நினைவுக்கு வரும். போர்களைப் பார்த்துவிட்டுப் பூவைப் பாடக் கை கூசியவர்கள் அவர்கள். கப்பலேறி வந்த புத்தகங்களும், ரயிலும், புகைப்படமும், மின்சாரமும் கவிதைக்குள் புகுந்தன. குழல் விளக்கு வந்தது, குயிலுக்கு வேலை போனது. அங்கே என்ன சிரிப்பு? வேலை போவது சிரிக்கிற விஷயமா?

சரி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. தெரிந்ததால்தான் நம் கவிதை வட்டம் இன்று இரண்டாகப் பிரியப் போகிறது. நிலாவைப் பாடுவோர் ஒரு வட்டம், பாடாதோர் ஒரு வட்டம். என் பேச்சு முடிந்ததும் பிரிவினைத் தீர்மானம். நாற்காலிகளைக்கூடப் பங்கு போட்டாகிவிட்டது; கால் ஆடுகிற நாற்காலியை இரண்டு கட்சியும் எதிர்க்கட்சிக்கே தாராளமாக விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினை எங்கே தொடங்கியது? இரண்டு கவிதைகளில் தொடங்கியது. அந்த இரண்டு கவிதைகளும் எங்கே தொடங்கின? அங்கேதான் நான் வருகிறேன்.

நிலாக் கட்சியில் ஒருவர் இருக்கிறார். என் மருந்துக் கடைக்கு அடுத்த கடை, மூக்குக் கண்ணாடிக் கடை. வாடிக்கையாளர் எழுத்துப் பலகையைப் படிக்கத் திணறினால், "பரவாயில்லைங்க, நிலா தெரியுதா?" என்று கேட்கிற மனிதர். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, இதே மேடையில், இதே ஒலிபெருக்கியில், அவர் நான்கு வரி படித்தார்.

திங்கள் வரும்வேளை தேன்மொழியே வந்துவிடு,
பொங்கும் அருவியின் பூந்துளிகள் சாட்சிசொல்லும்;
தொங்கும் அளவுநாடாத் தோகையே, ஊர்மக்கள்
அங்கம் அளந்தவளே, என்மனதை அளந்துசொல்.

அருவி என்றால் பூங்காவில் இருக்கும் அந்த நீரூற்று. அதற்கு அருவி என்று கேலிப் பெயர் வைத்தது நாம்தான். அளவு நாடா யாருடைய கழுத்தில் தொங்கும்? தையற்கடையிலிருந்து நேரே கூட்டத்துக்கு வந்து, கழுத்து நாடாவைக் கழற்ற மறந்து உட்காருகிற ஒரே ஒருத்தி யார்? திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டீர்கள். ஆமாம், என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார், நவீனக் கட்சியின் நம்பிக்கை நட்சத்திரம். நட்சத்திரம் என்று சொன்னதற்கே இரவு என்னிடம் சண்டைக்கு வருவாள். அவள் கவிதையில் வானத்துக்கு இடமே கிடையாது.

அன்றைக்கு நீங்கள் எல்லோரும் என்ன செய்தீர்கள்? ஆராய்ந்தீர்கள். அந்தத் தேன்மொழி ஆன்மா, அருவி பேரருள், அளவு நாடா காலம் என்றார் ஒருவர். அவர் யாரென்று சொல்ல மாட்டேன், குனிந்துகொண்டிருக்கிறார். அழைக்கப்பட்டவளுக்கு மட்டும் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்தாள். சோற்றில் மோருக்குப் பதில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, ருசித்துச் சாப்பிட்டாள். ஊருக்கெல்லாம் தைக்கிறவள், தனக்கென்று ஒரு புது உடை தைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை என்ன நடந்தது? அவள் மேடையேறி இதைப் படித்தாள்.

நீரூற்றில் நீர் இல்லை.
பெஞ்சில் பெயின்ட் காயவில்லை.
என் ஓய்வு நாள்
பச்சைக் கோடாக
புது உடையில் ஒட்டிக்கொண்டு வந்தது.
துவைத்தால் போகாது என்கிறார்கள்.
போக வேண்டாம்.

இடப்பக்கம் கைதட்டல் இடியென முழங்கியது. பச்சைக் கோடு என்பது அழிந்துபோன காடு என்றார்கள். அந்தக் காட்டை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தவள் நான். எனக்குத் தெரியும் அது பெயின்ட். அவளுக்குப் பின்னாலேயே கண்ணாடிக் கடைக்காரரும் ஏறினார். "வான்விளக்கு வந்தது, வஞ்சி ஏன் வரவில்லை?" என்று நாற்பது வரி அழுதார். வலப்பக்கம் கண்ணீர் வெள்ளம். எது கவிதை, இதுவா அதுவா என்று வாய்ச்சண்டை மூண்டது. வாய்ச்சண்டை வட்டத்தைப் பிளந்தது.

நீங்கள் கவிதைக்காகச் சண்டை போட்டீர்கள். நான் வீட்டில் ஒருத்தி முகத்தைப் பார்த்தேன், கடையில் ஒருவர் முகத்தைப் பார்த்தேன். இருவருமே என்னிடம் வாய் திறக்கவில்லை. அவள், அழைத்துவிட்டு வராத ஆள், வந்ததுபோல் மேடையில் அழவும் செய்கிறார் என்று அவரை வெறுத்தாள். அவர், வராததோடு நிற்காமல், நீரூற்றில் நீர் இல்லை என்று மேடையில் ஏளனமும் செய்தவள் என்று நொந்தார். நொந்தவர் கடையையே வேறு ஊருக்கு மாற்ற முடிவு செய்துவிட்டார். சட்டங்களையும் கண்ணாடி வில்லைகளையும் பெட்டியில் கட்டி, லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. நாளை மறுநாள் போகிறார். போய்விட்டால் அந்த மனிதர் திரும்பி வரமாட்டார், இவளும் திரும்பிக் கூப்பிட மாட்டாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு இந்தத் தலைப்பு வந்தது. படிமம் பற்றிப் பேச வேண்டுமே, பழைய கவிதையிலிருந்து ஒரு சொல்லை எடுப்போம் என்று இன்று பகலில் ஒரு சொல்லை எடுத்தேன். திங்கள். தைத்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் கேட்டேன், "திங்கள்னா உனக்கு என்ன ஞாபகம் வருது?"

ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "கடை லீவு."

கேட்டீர்களா? கடை லீவு. அவள் கடைக்கு வார விடுமுறை திங்கட்கிழமை.

நான் நடந்து வரவில்லை அவையோரே, பறந்து வந்தேன். அடுத்த கடைக்குப் போய், கண்ணாடிக் காது இறுக்குகிறது என்று பொய் சொல்லி, திருகாணியை அவர் திருகும்போது அதே கேள்வியைக் கேட்டேன். திங்கள் என்றால் என்ன?

அவர் என்னைப் பார்த்த பார்வை, பார்வை குறைந்தவரைப் பார்க்கிற பார்வை. "நிலாதாங்க. வேற என்ன?"

நிலாவாம்! வேறு என்னவாம்! அவள் திங்கட்கிழமை நண்பகலில், கொளுத்தும் வெயிலில், ஈரப் பெயின்டில் அமர்ந்து காத்திருந்தாள். அவர் வியாழக்கிழமை முழுநிலாவில், கொசுக்கடியில், அதே பெஞ்சில் காத்திருந்தார். ஒரே இடம், ஒரே ஏக்கம், ஒரே சொல். இரண்டு பேருமே வந்தார்கள். இரண்டு பேருமே வராதவரைத் திட்டினார்கள்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு தாய் கண்ணாலேயே கேட்கிறார். சொல்லியிருக்கலாம் தாயே. ஆனால் அவர் அழைத்தது இந்த மேடையில். அவள் திட்டியது இந்த மேடையில். அவர் அழுதது இந்த மேடையில். வழக்கு நடந்த இடத்தில்தானே தீர்ப்பும் வர வேண்டும்? அதோடு, எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது.

இப்போது கேட்கிறேன். இரு கட்சியினரையும் கேட்கிறேன். கற்பனாவாதம் என்றால் என்ன, நவீனம் என்றால் என்ன? ஒரே சொல்லைக் கேட்டு ஒருவர் வானத்தைப் பார்க்கிறார், ஒருவர் நாட்காட்டியைப் பார்க்கிறார். வானத்தைப் பார்த்தவருக்கு வயிறு இல்லையா? நாட்காட்டியைப் பார்த்தவளுக்கு மனம் இல்லையா? நிலவில் அமர்ந்தவர் காத்திருந்தார். வெயிலில் இருந்தவளும் காத்திருந்தாள். பாடுபொருள் மாறியது, படிமம் மாறியது, பண்பாடு மாறியது, காத்திருப்பு மாறியதா? காத்திருக்கிறவர் எழுதினால் அது கவிதை ஐயா. எந்த நூற்றாண்டில் எழுதினாலும் கவிதை. எந்த விளக்கில் எழுதினாலும் கவிதை. அதற்கு இரண்டு வட்டம் எதற்கு? கால் ஆடுகிற அந்த நாற்காலியில் யார் உட்காருவது?

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா, நான் நிறுத்தப் போவதில்லை. ஏனென்றால் வலப்பக்கத்தில் ஒருவர் எழுந்து நிற்கிறார். அமைதி, அமைதி. ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள். வேண்டாமாம். பேசுங்கள் ஐயா, அளவு நாடாவைப் பார்த்தே பேசுங்கள், என்னைப் பார்த்து என்ன பயன்?

"நாளைக்கு வேலை முடிஞ்சதும் அந்த நீரூற்றுகிட்ட வருவீங்களா? நாளைக்குன்னா நாளைக்குத்தாங்க. இதுல வேற அர்த்தம் எதுவும் இல்ல."

கேட்டீர்களா? எதுகை இல்லை, மோனை இல்லை. நாற்பது வரி அழுத மனிதர் மூன்றே வரியில் முடித்துவிட்டார். நவீனக் கட்சிக்காரர்கள் கைதட்டுகிறார்கள், முதல் முறையாக வலப்பக்கம் பார்த்துத் தட்டுகிறார்கள். பொறுங்கள், பொறுங்கள், பதில் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண் எழுந்திருக்கிறாள். முகம் சிவந்திருக்கிறது. அது கோபமா என்று எனக்கே தெரியவில்லை. சொல்லு தாயி, என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போகலாம் வாங்க. அண்ணி பேசி முடிக்க விடிஞ்சிரும்."

போகிறார்கள். அவையோரே, போகிறார்கள். நாற்காலிகளை ஒதுக்கி வழி விடுங்கள். வலப்பக்கத்தவர் ஒருவரும் இடப்பக்கத்தவர் ஒருவரும் சேர்ந்து கதவைத் திறந்து பிடித்திருக்கிறார்கள், பாருங்கள். லாரிக்காரருக்குப் பதில் சொல்கிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். இப்போது அந்தப் பிரிவினைத் தீர்மானத்தை முன்மொழிய யாராவது இருக்கிறீர்களா? கை தூக்கியவர் தலையைச் சொறிந்துகொள்கிறார். நல்லது, நன்றாகச் சொறியுங்கள்.

எத்தனையோ மேடைகளில் என் பேச்சுக்கு நடுவில் எழுந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மனம் சுருங்கியிருக்கிறது. இரண்டு பேர் எழுந்து போனதற்காக என் கண் நிறைந்தது இன்றுதான். மணியடித்துக் களைத்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட பெரியோருக்கும், எனக்கு முன்பே அழத் தொடங்கிவிட்ட தாய்மார்களுக்கும், பிரியாமல் போன இருபக்கத்துக்கும் நன்றி சொல்லி, போனவர்கள் மெதுவாகத் திரும்பி வரட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.