உள்ளே ஏறாத தோட்டா

ஷார்ஜா பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இருவர், துப்பாக்கி சுடும் கிளப்பின் சீருடையில்.

"நான் கையால ரொப்புன தோட்டா ஒண்ணுகூட துப்பாக்கிக்குள்ள ஏறல, அண்ணே," என்றான் இளையவன். "நாளைக்கு நம்ம மொதலாளி அர்பாபுக்குப் போட்டி. சரியாகலன்னா லீவு மாஃபி, கெடையாதுன்னுட்டாரு. ஞாயித்துக்கிழம ஊர்ல புள்ளைக்கு ஞானஸ்நானம்."

"தோட்டாவோட பித்தளைக் கூடு, அந்தக் கேஸ், புதுசால?"

"அவரு பழைய துப்பாக்கில சுட்டது. எப்பவும்போல வாய மட்டும் சுருக்குனேன்."

"நாளைக்கு எதுல சுடுவாரு?"

"புதுசுல. அதே மாடல்தான்."

"மாடல் ஒண்ணுதான் மக்கா. சுட்ட கேஸ் பழசோட அளவுக்கு ஊதியிருக்கும். உன் செருப்புல என் கால் ஏறுமால? எல்லாத்தையும் பிரிச்சு, கேஸ முழுசா சுருக்கி, மறுபடி ரொப்பணும்."

"பழசுலயே சுடச் சொல்லவா?"

"அத அவரு மச்சானுக்குக் குடுத்துட்டாருல்லா."

இளையவன் எழுந்து நின்றான். பிறகு நிறுத்தச் சொல்லும் பொத்தானை அழுத்தினான்.

"கிளப்புக்கே திரும்பிப் போறேன். ரூம்ல எனக்குச் சோறு மூடி வச்சிருங்க, அண்ணே."