வேண்டாமென்ற பெண்ணின் அம்மா

சந்தாபுராவிலிருந்து பெங்களூருக்குள் வரும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மா பக்கத்திலிருந்த மகனிடம் சொன்னார்:

"பொண்ணு உன்ன வேணாம்னுடுச்சு, சரி. அதுக்காக அவங்கம்மாவ நான் விட முடியுமா?"

காதைத் தீட்டிக்கொண்டேன். பஸ்ஸில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது.

"கல்யாண வெப்சைட்ல பேர் குடுத்தது எனக்குப் பொண்ணு பாக்கவா, உனக்கு ஃப்ரெண்டு பாக்கவாம்மா?"

"முன்னெல்லாம் போட்டோ பாப்போம், ஜாதகம் பாப்போம், மூடி வெச்சிடுவோம். இப்ப ஃபோரம்னு பேசறதுக்கே ஒரு பக்கம் வெச்சிருக்காங்க. அம்மாங்க எல்லாரும் அங்கதான். முட்டி வலிக்கு எந்த டாக்டர்னு கேட்டாலும் பத்து பேர் ஓடி வராங்க. நீ பீன்யாவுல வேலை முடிச்சு வர்ற வரைக்கும் என்கூட யார்டா பேசறது?"

மகன் தன் போனில் ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்துக் காட்டினான்.

"சரி, அந்த ஓசூர் பொண்ணுக்கு ஓகே சொல்லிடலாமா? எனக்குப் பிடிச்சிருக்கு."

"கல்யாணம் முடிவாயிட்டா நம்ம பேர எடுத்துடுவாங்களாமே. அப்புறம் ஃபோரம்ல பேச முடியாது. கொஞ்சம் மெதுவா பாக்கலாமே?"

"அம்மா!"

"இரு, ஃபோரம்லயே கேக்கறேன்."

போனில் ஒற்றை விரலால் தட்டினார். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் பஸ் நகர்வதற்குள் பதில் வந்துவிட்டது.

"பதில் போட்டது யாரு, என்ன வேணாம்னவளோட அம்மாவா?"

"அவங்கதான். 'சட்டுனு கட்டி வைங்க, அந்தச் சாக்குல நாம எல்லாரும் நேர்ல பாத்துக்கலாம்'ங்கறாங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஓசூர்க்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடலாம்டா. மண்டபம் மட்டும் பெரிசா பாரு."